பன்றிக்குட்டிக்குக் கழிச்சல்: ஊசியா, உப்புக் கரைசலா, தாய்க்குத் தடுப்பூசியா?

விடிகாலையில் கொட்டிலுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் போவது குட்டிகளின் வாலடிக்குத்தான். வாலடி காய்ந்திருந்தால் தவிடு கரைக்கப் போகலாம். ரோமம் நனைந்து ஒட்டி, பின்தொடை சிவந்து, ஒரு குட்டி மற்றவற்றோடு சேராமல் சுவரோரம் முதுகைக் கூனிக்கொண்டு நின்றால் அன்றைக்கு வேறு வேலை நடக்காது. ஆறு தாய்ப்பன்றிகள் உள்ள சிறிய வெண்பன்றிப் பண்ணை என்னுடையது. ஓர் ஈற்றுக்குப் பத்துப் பதினோரு குட்டிகள் பிறக்கின்றன. அவற்றில் மூன்று போய்விட்டாலும் தாயின் தீவனச் செலவு குறையாது. கையில் மிஞ்ச வேண்டிய காசுதான் போகும்.

கழிச்சலுக்கு என்ன செய்வது என்று நான்கு பேரைக் கேட்டால் நான்கு வழி சொல்கிறார்கள். மருந்துக் கடைக்காரர் ஆன்டிபயாட்டிக் ஊசி என்கிறார். பக்கத்துப் பண்ணைக்காரர் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் என்கிறார். பயிற்சி வகுப்பில் தாய்க்குத் தடுப்பூசி என்றார்கள். என் மாமனாருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்: “குளிர் ஆகாது மாப்பிள்ளை, பல்பைப் போடுங்கள்.” நான்கும் தப்பில்லை. எதற்கு முதலில் காசைக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். பெரிய பண்ணையில் நான்கையும் ஒருசேரச் செய்துவிடுவார்கள். ஆறு பன்றி வைத்திருப்பவனிடம் அவ்வளவு இருக்காது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் காசு காய்ந்த தரைக்கும் சூடு தரும் பல்புக்கும். அடுத்தது உப்புக் கரைசலுக்கு. தடுப்பூசி அதற்குப் பிறகு, அதுவும் கழிச்சலின் காரணம் தெரிந்த பிறகு. ஊசி கடைசி.

எந்த வழியைத் தேர்வதென்றாலும் அதற்கு முன் ஈன்ற தேதியைப் பார்க்க வேண்டும். குட்டிக்கு எத்தனையாவது நாள் என்று எண்ணினாலே பாதி விடை கிடைத்துவிடும். முதல் நான்கு நாட்களுக்குள் தண்ணீராக, வெளிர்மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பீச்சினால் பெரும்பாலும் ஈ.கோலை என்னும் பாக்டீரியா. அதே முதல் வாரத்தில் ரத்தம் கலந்து போய், காலையில் பால் குடித்த குட்டி மாலையில் செத்துக் கிடந்தால் கிளாஸ்ட்ரிடியம் என்ற நுண்ணுயிரின் ‘சி’ வகையைச் சந்தேகிக்க வேண்டும். ஐந்து நாளைக்கு மேல், மூன்று வாரத்துக்குள் வருவதில் ரோட்டா வைரஸுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏழாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை, தண்ணீராக இல்லாமல் பசைபோல, புளித்த பால் வாடையோடு போனால் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி. குட்டி பெரும்பாலும் சாகாது, ஆனால் ரோமம் சிலிர்த்து, இளைத்து, எடை ஏறாமல் நிற்கும். பண்ணையில் பெரியது சிறியது எல்லாமே ஒரே வாரத்தில் வாந்தியும் கழிச்சலுமாகப் படுத்தால் அது வேறு கதை. டி.ஜி.இ., பி.இ.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் கொரோனா வகை வைரஸ்கள் அப்படித்தான் வரும். ஒரு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளில் கிட்டத்தட்ட அத்தனையையும் வாரிக்கொண்டு போகும். 2013-இல் அமெரிக்கப் பண்ணைகளைக் கலங்கடித்தது இந்த பி.இ.டி.தான்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த லிட்மஸ் தாள் இங்கே கொஞ்சம் உதவும். தரையில் விழுந்ததை விட்டுவிட்டு, குட்டியிடமிருந்து அப்போதே வருவதில் சிவப்புத் தாளைத் தொட்டால், ஈ.கோலைக் கழிச்சலில் நீலமாகும். காரத்தன்மை அதிகம் என்று பொருள். ரோட்டா போன்ற வைரஸ்கள் குடல் சுவரைக் கெடுத்துவிடுவதால் பால் செரிக்காமல் புளித்து வெளியேறும். அப்போது நீலத் தாள் சிவக்கும். இது தீர்ப்பு ஆகாது, ஒரு துப்பு மட்டும். இரண்டும் சேர்ந்தே வரும் நாட்களும் உண்டு.

போன ஐப்பசி மழையில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் அறையில் பதினோரு குட்டிகள். மூன்றாம் நாள் காலை நான்கின் வாலடி ஈரம். பயத்தில் மருந்துக் கடைக்கு ஓடினேன். குட்டியின் வயதைக்கூடக் கேட்காமல் ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்து, “எல்லாக் குட்டிக்கும் போட்டுவிடுங்கள்” என்றார். போட்டேன், பதினொன்றுக்கும் ஒரே ஊசி முனையில். மறுநாள் இரண்டு செத்தன. கால்நடை மருத்துவர் வந்தவர் குட்டியைத் தொடுவதற்கு முன் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார்.

“இங்கே ஒரு ராத்திரி நீங்கள் படுப்பீர்களா?” என்றார்.

தாய் படுக்கும் இடத்துக்குப் பின்னால் சிமெண்ட் தரை பள்ளம் விழுந்து, கழுவிய தண்ணீர் அங்கேயே நின்றிருந்தது. அதை ஒட்டித்தான் குட்டிகளுக்குச் சாக்கு விரித்திருந்தேன். சாக்கைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியிருக்கும். பிறகு தாயின் மடியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். மடி கல்லாக இறுகி, தாய் தீவனம் எடுக்காமல் கிடந்தால் குட்டிகள் பால் இல்லாமல்தான் கழியும். அப்போது ஊசி தேவைப்படுவது தாய்க்கு. எங்கள் தாய்க்கு மடி மெதுவாகவே இருந்தது.

ஊசியை முழுக்கத் தள்ளிவிடச் சொல்லவில்லை. முதல் வார ஈ.கோலையில், சரியான மருந்து சரியான அளவில் நேரத்துக்குப் போனால் குட்டி பிழைக்கும். ஆனால் அதே ஊசி ரோட்டாவை ஒன்றும் செய்யாது, காக்சிடியாவை ஒன்றும் செய்யாது. கிளாஸ்ட்ரிடியத்தில் ரத்தம் தெரிந்த பிறகு போடுவது பெரும்பாலும் காலம் கடந்த வேலை. போட்டுப் போட்டுப் பழகிய பண்ணையில் ஈ.கோலைக்கும் அது பிடிபடாமல் போய்விடும். முன்பெல்லாம் கழிச்சல் என்றால் கோலிஸ்டின் கலந்த பொடியைத் தேடினார்கள். மனிதர்களுக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுப்பது அது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதை விற்கக் கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. பழைய டப்பா எங்காவது அலமாரியில் இருந்தால் அதைத் தேட வேண்டாம். ஊசிதான் என்று முடிவெடுத்தால், முதல் ஊசிக்கு முன்பே கழிச்சலில் கொஞ்சத்தைச் சோதனைக்கு எடுத்துவிட வேண்டும். மருந்து போகாத, இப்போதுதான் கழியத் தொடங்கிய குட்டியின் கழிச்சல் நல்லது. செத்த குட்டி என்றால் செத்த சில மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். குடல்தான் முதலில் அழுகும். மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு எப்படி அனுப்புவது என்பதை உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் சொல்வார்கள்.

இனி உப்புக் கரைசல். குட்டியைக் கொல்வது பெரும்பாலும் கிருமி நேரடியாக அல்ல, உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போய்விடுவதுதான். ஒன்றரைக் கிலோ குட்டி தன் எடையில் பத்தில் ஒரு பங்கை நீராக இழந்தால் உயிருக்கு ஆபத்து. கணக்குப் போட்டால் அது 150 மில்லி, ஒரு டீ கிளாஸ் அளவு. அந்த ஒரு கிளாஸைத் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டால் காரணம் எதுவாக இருந்தாலும் குட்டிக்கு அவகாசம் கிடைக்கிறது. ஈ.கோலையா, ரோட்டாவா, காக்சிடியாவா என்று தெரியாத முதல் மணி நேரத்தில் தப்பே ஆகாத வழி இது ஒன்றுதான். மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையே ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்கலாம். குடல் கெட்டிருந்தாலும் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே போகும். தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். கரைசலின் சூட்சுமம் அவ்வளவுதான்.

பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்ன உப்புச் சர்க்கரைத் தண்ணீரில் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டுக் குழந்தைக்கு அது கேட்கும். பிறந்து ஒரு வாரம் ஆகாத பன்றிக்குட்டிக்குக் கேட்காது. வெள்ளைச் சர்க்கரையை உடைத்துச் செரிக்கும் நொதி அதன் குடலில் அந்த வயதில் இல்லாத அளவுக்குக் குறைவு. செரிக்காத சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறும், கழிச்சல் கூடும். வெல்லமும் அப்படியே. குளுக்கோஸ் என்று எழுதியிருக்கிற பாக்கெட்டாகப் பார்த்து வாங்குவது நல்லது.

நான் பயன்படுத்துவது செடித் தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு. ஆழமில்லாதது, குட்டி கவிழ்க்க முடியாத கனம். பல்பு வெளிச்சத்தின் ஓரத்தில் வைத்தால் நடமாடும் குட்டிகள் தாமாகவே நக்கும். காலை, மாலை கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். எழ முடியாத குட்டியை நம் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் கடைவாயில் ஐந்து மில்லி, பத்து மில்லியாக, விழுங்க விட்டு விட்டுக் கொடுக்க வேண்டும். மல்லாக்கப் போட்டு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். வாய் உள்ளே சில்லென்றிருந்தால் முதலில் குட்டியைச் சூடேற்ற வேண்டும். கண் குழிவிழுந்து, தோலை இழுத்துவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறது என்ற நிலையில் வாய்வழிக் கரைசல் போதாது. வயிற்றறைக்குள் திரவம் ஏற்ற மருத்துவர் வேண்டும். கரைசல் கொடுக்கும்போது பாலை நிறுத்தக் கூடாது. அந்த ஐப்பசியில் மீதமிருந்த ஒன்பதில் இன்னொன்று மட்டும் போயிற்று, எட்டு தேறியது. ஊசியாலா கரைசலாலா என்று சத்தியம் செய்ய முடியாது. இரண்டையும் கொடுத்தேன்.

தடுப்பூசியையும் பல்பையும் ஒப்பிடுவதற்கு முன், குட்டி எந்த நிலையில் பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பன்றியின் கருப்பை வழியாக நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போவதில்லை. எல்லாம் சீம்பால் வழியாகத்தான். அந்த வாசலும் பிறந்து 24 மணி நேரத்திலிருந்து 36 மணி நேரத்துக்குள் அடைத்துவிடும். முதல் நாளுக்குள் ஒரு குட்டிக்குக் கால் கிலோ அளவுக்குச் சீம்பால் உள்ளே போக வேண்டும் என்கிறார்கள். இன்னொரு பக்கம், அதன் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. சுற்றிலும் 34 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே அதற்குக் குளிர். நமக்கு வியர்க்கும் சூட்டில் அதற்கு நடுக்கம் எடுக்கும். மார்கழி இரவில் ஈரச் சிமெண்டில் கிடக்கும் குட்டியின் நிலையைச் சொல்லவே வேண்டாம். குளிர்ந்த குட்டி காம்பைத் தேடி நடக்காது, சீம்பால் குடிக்காது.

தாய்க்குப் போடும் ஈ.கோலைத் தடுப்பூசி செய்வது சீம்பாலில் அந்தக் கிருமிக்கான எதிர்ப்பணுக்களை நிறைப்பதுதான். சிலவற்றில் கிளாஸ்ட்ரிடியம் ‘சி’ வகைக்கும் சேர்ந்தே இருக்கும். சினைக்காலம் 114 நாள்: மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். முதல் ஈற்றுப் பன்றிக்கு ஈனுவதற்கு ஐந்தாறு வாரம் முன்பு ஒன்று, இரண்டு மூன்று வாரம் முன்பு ஒன்று; முன்பே போட்டுப் பழகிய தாய்க்கு அந்தக் கடைசி ஒன்று மட்டும் என்பது பொதுவான முறை. பாக்கெட்டில் உள்ள சீட்டு வேறு சொன்னால் சீட்டுக்கே மதிப்பு. சினை பிடித்த உடனேயே எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்க வேண்டும். ஈனுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது தேடிப் பயனில்லை.

சரி, எது மேல்? தடுப்பூசி போட்ட தாயின் குட்டி குளிரில் சுருண்டு கிடந்து சீம்பால் குடிக்காவிட்டால் தடுப்பூசிக் காசு தாயின் மடியிலேயே தங்கிவிடும். தடுப்பூசி போடாத தாயின் குட்டி காய்ந்த, சூடான இடத்தில் கிடந்து வயிறு நிறையக் குடித்தால், அந்தப் பண்ணைக் கிருமிகளைத் தினம் பார்த்துவரும் தாயிடமிருந்து ஓரளவு காப்பாவது கிடைத்துவிடும். அதனால்தான் பல்பு முதலில். ஆனால் முதல் ஈற்றுப் பன்றி விஷயத்தில் என் தராசு மாறும். அது இளசு, மற்ற தாய்களைப் போல அதன் சீம்பாலில் சரக்கு இருக்காது. அதுவும் வெளியிலிருந்து வாங்கி வந்த பன்றி என்றால் நம் பண்ணைக் கிருமி அதற்கு அந்நியம். ஈ.கோலை என்று சோதனையில் உறுதியான பண்ணையில் முதல் ஈற்றுக்குத் தடுப்பூசி கொடுத்த காசுக்கு வேலை செய்யும். கிளாஸ்ட்ரிடியம் ஒருமுறை வந்த பண்ணை என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், எல்லாத் தாய்க்கும் போடுவேன். அந்த நோய்க்கு வந்தபின் பார்க்கும் வைத்தியம் கிடையாது.

செலவே இல்லாத ஒரு வேலையும் இருக்கிறது. ஈன்ற முதல் பன்னிரண்டு மணி நேரத்தில், வயிறு நிறைந்த பெரிய குட்டிகளைப் பல்புக்கடியில் பெட்டியில் ஒரு மணி நேரம் அடைத்துவைத்து, சின்னக் குட்டிகளைத் தனியாக மடியில் விடுவது. பெரியவற்றின் முதுகில் நிறப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் குழப்பம் வராது. அடைபட்டவை கத்தும் கத்தில் தெருவே எழுந்து வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பல்பு சரியாக இருக்கிறதா என்று குட்டிகள் படுத்திருக்கும் விதமே சொல்லும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் சூடு போதவில்லை. வெளிச்சத்தை விட்டு விலகி ஓரமாகச் சிதறினால் அதிகம். பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் படுத்தால் சரி. என் மாமனார் சொன்னதில் பாதிதான் சரி என்று அடுத்த ஈற்றில் தெரிந்துகொண்டேன். அதே மூன்றாம் அறை, வேறு தாய், தாராளமாகப் பல்பு. முதல் வாரம் பிரச்சினை இல்லை. எட்டாம் நாள் பசைக் கழிச்சல். மூன்று நாள் ஊசி போட்டும் அசையவில்லை. சோதனையில் காக்சிடியா. அதன் முட்டைகள் வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் ஒரு நாளுக்குள்ளேயே தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். பல்புச் சூட்டில் நனைந்த சாக்கு என்றால் நானே அடைகாத்துக் கொடுத்த மாதிரி. சூட்டைக் கொடுத்துக் காய்ச்சலை விட்டுவிட்டேன். தரை காய்வதைச் சொல்கிறேன். இப்போது சாக்கு தினம் மாறுகிறது, பழையது வெயிலில் காய்கிறது.

காக்சிடியாவுக்கு டால்ட்ராசுரில் என்ற வாய்வழி மருந்து உண்டு. மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஒரே தடவை, கிலோவுக்கு 20 மில்லிகிராம். கழிச்சல் தொடங்கிய பிறகு கொடுத்தால் அரைப் பலன்தான், குடல் சுவர் அதற்குள் புண்ணாகியிருக்கும். கோழிக்கென்று விற்கும் கரைசலும் பன்றிக்குட்டிக்கான மருந்தும் ஒரே அடர்த்தியில் வருவதில்லை. மில்லி கணக்கை மருத்துவரிடம் போட்டு வாங்குவதே உத்தமம். எட்டாம் நாள் கழிச்சல் ஈற்றுக்கு ஈற்று திரும்ப வரும் பண்ணைக்கு இது தடுப்பூசியைவிட முக்கியம். வராத பண்ணைக்கு வீண் செலவு. அந்த முட்டைகளைச் சாதாரணக் கிருமிநாசினி அசைக்காது. சாணத்தைச் சுரண்டி, சலவைச் சோடா கரைத்த கொதிநீரால் தேய்த்து, சுண்ணாம்பு அடித்து, அறையைச் சில நாள் காயவிடுவதுதான் எனக்குக் கைகொடுத்தது. சாணத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் பவுடரைத்தான் வீணாக்குகிறார்கள்.

கழிச்சல் கண்ட குட்டிகளின் சாணத்தைச் சினைத் தாய்க்குத் தின்னக் கொடுத்து எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் முறையும் உண்டு. பி.இ.டி. பரவிய பெரிய பண்ணைகளில் மருத்துவர் மேற்பார்வையில் செய்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வேண்டாம் என்பேன். சாணத்தில் என்னென்ன இருக்கிறது என்று தெரியாமல் ஊட்டினால் பண்ணையில் உள்ள அத்தனை தொற்றையும் ஒரே வாளியில் பரிமாறியதாகிவிடும். 2022 ஜூலையில் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியான பிறகு ஓட்டல் கழிவைக்கூடக் கொதிக்கவைக்காமல் நான் பன்றிக்குக் கொட்டுவதில்லை. பெரிய பன்றிகளும் காய்ச்சலோடு விழுந்தால் அதைக் கழிச்சல் கணக்கில் எழுதாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

தாய்ப்பாலை மறக்கடித்த பின் வரும் கழிச்சலுக்கு ஐரோப்பாவில் தீவனத்தில் துத்தநாக ஆக்சைடை மருந்து அளவில் கலந்தார்கள். மண்ணில் சேர்கிறது என்று 2022 ஜூனோடு அங்கே நிறுத்திவிட்டார்கள். மூன்று நான்கு வாரத்தில் பிரிக்கிறவர்களின் தலைவலி அது. எட்டு வாரம் வரை தாயோடு விட்டு, இரண்டாம் வாரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டித் தீவனம் பழக்குகிற நமக்கு அந்தப் பொடி தேவைப்பட்டதில்லை. பிரிக்கும் நாளில் குட்டிகளை அதே அறையில் விட்டுவிட்டுத் தாயை மட்டும் வெளியே கொண்டுபோய், தீவனத்தையும் அதே வாரத்தில் மாற்றாமல் இருந்தாலே பாதி குறையும்.

இந்த வருடக் கணக்கு இப்படி வந்திருக்கிறது. ஆறில் இரண்டு முதல் ஈற்றுப் பன்றிகள். தடுப்பூசி அவற்றுக்கு மட்டும், நாட்காட்டியில் தேதியை வட்டமிட்டாயிற்று. மூன்றாம் அறையில் ஈனும் தாய்களின் குட்டிகளுக்கு மட்டும் காக்சிடியா மருந்து. கதவுக்கு மேல் பலகையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து, சிரிஞ்ச் நான்கு, லிட்மஸ் தாள் ஒரு கட்டு. மற்ற நான்கு தாய்களுக்குத் தடுப்பூசிக்கென்று வைத்திருந்த பணத்தில் மூன்றாம் அறைத் தரையைப் பெயர்த்து வாட்டம் பார்த்துப் போடப் போகிறேன். கொத்தனார் வியாழக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அடுத்த தாய்க்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. சிமெண்ட் காய்வதற்குப் போதும்.